சட்டம் எழுதியவர்கள் உயிரோடு இருந்தால்...

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. லண்டன் டூட்டிங்கில் வாங்கி வந்த விளைமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை இரண்டும் மீன். என் கணவர் போனை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார் — எங்கள் வீட்டுச் சமையலில் அவருடைய பங்களிப்பு அநேகமாக இந்த அளவில்தான் இருக்கும்.

“தங்கச்சி, நான் தவராசா கதைக்கிறன். ஒரு சட்டத்தை எழுதினவை என்ன நினைச்சு எழுதினவை எண்டு கண்டுபிடிக்கிறதுதானே உங்கட வேலை?”

மீனை அப்படியே போட்டுவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் என் வேலையைச் சரியாகச் சொன்ன முதல் தமிழர் அவர்தான். மற்றவர்களுக்கு நான் ‘லோயரிட்ட வேலை செய்யிற ரஞ்சி’. கவுன்சில் பார்க்கிங் பைன் அனுப்பினால் என்னிடம் வருவார்கள். வீடு விற்பவர்கள் வருவார்கள். ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில், நான் சோற்றில் கை வைக்கும் முன்னமே ஒருவர் தன் மருமகனின் விவாகரத்துப் பேப்பரை நீட்டினார். நான் லோயர் இல்லை, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னால்... ‘ரஞ்சிக்குச் சரியான அடக்கம்’ என்று சிரிப்பார்கள்.

சரி, நான் என்னதான் செய்கிறேன்?

லண்டனில் கிளை வைத்திருக்கும் ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனத்தில் ஆராய்ச்சி வேலை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டங்கள் உண்டு. முழு நாட்டுக்கும் சேர்த்துப் போடுகிறவை பெடரல் சட்டங்கள். அவைதான் என் பாடு. அவற்றில் ஏதாவது ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் வரும். இரண்டு கொம்பனிகள் ஆளுக்கொரு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு அடிபடும். அப்போது எங்கள் வழக்கறிஞர்கள் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். இந்த வரியை எழுதியவர்களின் மனதில் என்ன இருந்தது, ரஞ்சி?

நான் தோண்டத் தொடங்குவேன். மசோதா முதன்முதலில் எந்த உருவத்தில் வந்தது? கொமிட்டியில் எந்தச் சொல்லை வெட்டினார்கள், எதைச் செருகினார்கள்? கொமிட்டி தன் அறிக்கையில் என்ன காரணம் எழுதியது? சபையில் யார் எழுந்து மறுத்தார்? மற்றச் சபை அதை எப்படி மாற்றியது? இரண்டு சபைகளும் கடைசியில் எதில் சமாதானமாகின? சில நாட்களில் ஒரே ஒரு ‘அல்லது’ எப்படி ‘மற்றும்’ ஆனது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். என் கணவருக்கு இதைக் கேட்டாலே கொட்டாவி வரும். எனக்கோ இது துப்பறியும் வேலை.

வேடிக்கையும் உண்டு. அமெரிக்கச் சபைகளின் பேச்சுப் பதிவில் இருக்கிற பேச்சு எல்லாம் பேசிய பேச்சு இல்லை, தெரியுமா? உறுப்பினர் வாயே திறக்காமல் எழுதிக் கொடுத்தாலும் அனுமதி பெற்றுப் பதிவில் சேர்க்கலாம். எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இப்படி ஒரு அருமையான பேச்சைக் கண்டுபிடித்துத் துள்ளிக்கொண்டு வருவார்கள். ‘இதை அவர் பேசினாரா, கொடுத்துவிட்டுப் போனாரா?’ என்று நான் கேட்பேன். முகம் சுருங்கிவிடும்.

வழக்கறிஞர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கல்யாண வீடியோ வந்ததும் நாம் எல்லோரும் நம் முகம் எங்கே வருகிறது என்றுதானே பார்ப்போம்? அவர்களும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான பக்கங்களில் தங்கள் கட்சிக்காரருக்குப் பிடித்த அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள். நான் இருக்கும் இந்த நாட்டு நீதிபதிகள் நெடுங்காலம் பாராளுமன்றப் பேச்சுகளைத் திறந்தே பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தவராசா அண்ணையிடம் வருகிறேன்.

தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகத் தலைவரும் அவர்தான். பள்ளிக்கூடத்தின் அதிபர், அதாவது தலைமையாசிரியர், கனடாவில் மகளோடு இருக்கப் போகிறார். அவருடைய இடத்துக்கு விண்ணப்பித்திருப்பது ஒரே ஓர் ஆள் — தட்சாயினி.

தட்சாயினி ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடித்து லண்டனுக்கு, நோர்பரிக்கு வந்தவர். பல வருஷமாக மழலை வகுப்பு எடுக்கிறார். மணி அடித்ததும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் கார் பார்க்குக்கு ஓடுவார்கள். இவருடைய வகுப்பிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

தமிழ்? அதைக் கேட்கவே வேண்டாம். லண்டனில் நாங்கள் வீட்டிலும் ஆங்கிலத்தைப் பேசிப் பிள்ளைகளைக் கெடுத்து வைத்திருக்கிறோம். ஜேர்மனியில் தாய் தகப்பனுக்கு ஜேர்மன் ஒழுங்காக வராததால் பிள்ளைகள் சண்டையைக்கூடத் தமிழில்தான் பிடித்தார்கள். நாங்கள் ‘ஈமெயில்’ என்கிற இடத்தில் தட்சாயினி ‘மின்னஞ்சல்’ என்பார்... அதுவும் சிரிக்காமல்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பள்ளிக்கூடத்தின் விதிகளை எழுதி வைத்த யாப்பில். ‘அதிபராக இருப்பவர் தாயகத்தில் பாடசாலைக் கல்வி கற்றவராக இருத்தல் வேண்டும்’ என்று ஒரு விதி. தாயகம் என்றால் நாங்கள் விட்டுவந்த நாடு.

“தட்சாயினி கெட்டிக்காரிதான், தங்கச்சி. ஆனா ரூல் எண்டா ரூல். கொமிட்டியில கொஞ்சப் பேர், தாயகத்துப் பாடத்தைப் படிச்சிருந்தாலே காணும், அது போதும் எண்டு சொல்லினம். மற்றவை, அங்க பள்ளிக்கூடம் போயிருக்க வேணும் எண்டினம். பொதுக்கூட்டம் வருகுது. அதுக்குள்ள நீங்கள் ஒருக்கா ரிசேர்ச் பண்ணிச் சொல்லுங்கோ.”

“ஓம் அண்ணை, செய்யிறன்” என்றேன். சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு வேகமாக நான் ஓம் சொன்னதில்லை.

ஏன் தெரியுமா? என் தொழிலில் சட்டம் எழுதியவர்கள் அநேகமாகக் கல்லறையில் இருப்பார்கள். அல்லது என் போனை எடுக்கவே மாட்டார்கள். இங்கே? யாப்பு எழுதிய கொமிட்டியில் இருவர் இன்னும் தெற்கு லண்டனில்தான் இருக்கிறார்கள். ஒருவர் தவராசா அண்ணை. மற்றவர் டூட்டிங்கில் இருக்கும் ஞானம் மாஸ்டர். உயிரோடு இருக்கிறார்கள், நம்பரும் என்னிடம் இருக்கிறது. ஓர் ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் தவராசா அண்ணையின் கடைக்குப் போனேன். பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்கு அண்ணை அந்த விதியைப் போட்டனீங்கள்?”

“தமிழுக்குத்தான். ஸ்டாண்டர்டை மெயின்டெயின் பண்ண வேணுமெல்லோ? லாங்குவேஜ் வீக்கான ஆக்கள் டொப்பில வந்தா ஸ்கூலே கொலாப்ஸ் ஆகிடும்.”

தமிழைக் காப்பாற்ற இத்தனை ஆங்கிலமா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

“என்ட பிள்ளையள் மூண்டும் எங்கட பள்ளிக்கூடத்திலதான் படிச்சதுகள். இப்ப நான் தமிழில கேக்க, அதுகள் இங்கிலீஷில பதில் சொல்லுதுகள். வீட்டில நான் தோத்துப்போனன், தங்கச்சி. பள்ளிக்கூடமும் அப்பிடிப் போயிட்டுதெண்டா...?”

அடுக்கிய பையையே எடுத்துத் திரும்பவும் அடுக்கினார். எனக்குக் கிண்டல் எல்லாம் அடங்கிப்போயிற்று. மனுஷன் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடிவாதத்தால் இல்லை, பயத்தால் என்று அன்றுதான் விளங்கியது.

அடுத்தது ஞானம் மாஸ்டர். டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. யாப்பை வசனம் வசனமாக எழுதியவர் அவர்தான். தவராசா அண்ணை சொன்ன காரணத்தைச் சொன்னேன். மாஸ்டருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

“தமிழுக்கோ? பிள்ளை, அது ஒரு மனுசனை மறிக்க எழுதினது!”

“ஆரை?”

“அப்ப இஞ்ச ஒருத்தர் இருந்தவர். சின்ன வயசிலயே லண்டனுக்கு வந்து, இஞ்சத்தை போர்டிங்கில படிச்ச பெரிய இடத்து ஆள். நாங்கள் பள்ளிக்கூடம் துவங்கின உடன தான்தான் அதிபர் எண்டு வந்து நிண்டார். படிப்பிக்கிறதுக்கு இல்லை, மேடையில இருக்கிறதுக்கு. நேர சொல்ல ஏலுமே? முகத்தை முறிக்க ஏலாது. அதான் அந்த வரியைப் போட்டம். ஆள் கோவிச்சுக்கொண்டு போயிட்டார். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போனதெண்டு கேள்வி.”

நான் மேசையில் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் தொழிலில் இது எத்தனை தரம் பார்த்தது! பெடரல் வரிச் சட்டங்களில் நீங்கள் வாசித்துக்கொண்டு போகும்போது திடீரென்று ஒரு விநோதமான வரி வரும். இன்ன காலத்துக்கு முன் கட்டத் தொடங்கி, இன்ன அளவு ஊருக்குள் இருக்கிற, இன்ன வகைத் தொழிற்சாலைக்கு மட்டும் விலக்கு என்று. பெயர் இருக்காது. ஆனால் நாடு முழுக்கத் தேடினாலும் அதற்குப் பொருந்துவது ஒரே ஒரு தொழிற்சாலையாகத்தான் இருக்கும். பொதுவாக எழுதியது போலத் தெரியும், எழுதியது ஒருவருக்காக. எங்கள் மாஸ்டரும் அதைத்தான் செய்திருக்கிறார். அமெரிக்கர்கள் ஒருவரை உள்ளே விட எழுதினார்கள். நாங்கள் ஒருவரை வெளியே வைக்க எழுதினோம்... முகத்தை முறிக்காமல்!

முகத்துக்கு நேரே ‘நீங்கள் வேண்டாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து வேலி போட்டுவிட்டோம். ஊரில் வேலிச் சண்டைக்கே கோர்ட் ஏறின எங்கள் ஆட்களுக்கு வேலி புதிதா என்ன?

வீட்டுக்கு வந்ததும் அலுவலகத்துக்கு எழுதுவது போலவே ஒரு குறிப்பு எழுதினேன். விதியின் நோக்கம் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தடுப்பது. அந்த ஆள் போய்விட்டதால் நோக்கமும் முடிந்துவிட்டது. ஆகவே ‘தாயகத்தில் கற்றவர்’ என்பதைத் தாயகத்துப் பாடங்களைக் கற்றவர் என்று தாராளமாக எடுக்கலாம். ஜேர்மனியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடங்களைப் படித்த தட்சாயினி தகுதியானவர்தான். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. கொமிட்டிக்கும் தட்சாயினிக்கும் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மாலை தட்சாயினி வீட்டுக்கே வந்துவிட்டார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, இருந்த கேக்கை வெட்டி வைத்தேன்.

“ரஞ்சியக்கா, உங்கட மின்னஞ்சல் வாசிச்சன்.”

“எப்பிடி இருக்கு? நாலு பக்கமும் அடைச்சுத்தான் எழுதினனான்.”

“நல்லா இருக்கு. ஆனா எனக்கு இது வேண்டாம், அக்கா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்முடைய பக்கம்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

“ஓம். அந்த வரிக்கு இன்னொரு அர்த்தம் கண்டுபிடிச்சு என்னை உள்ளுக்கு எடுக்கிறியள். நாளைக்கு நான் ஒரு பிள்ளையைக் கண்டிச்சா, தாய் தேப்பன் வந்து, நீர் எப்பிடி வந்தனீர் எண்டு எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லுவினம். பின்கதவால வந்தவள் எண்ட பேர் போகாது.”

கேக்கைத் தொடவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“மற்றது, என்ட மகள் இஞ்ச பிறந்தவள். அவளுக்கும் ஒரு காலத்தில படிப்பிக்க விருப்பம் வந்தா? அந்த வரி அப்பிடியேதானே இருக்கும்? அவளுக்கும் ஓர் அக்கா வந்து ரிசேர்ச் பண்ண வேணுமோ?”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“மாத்துங்கோவன். எழுதின ஆக்கள் இருக்கினம்தானே? அவை அப்ப என்ன நினைச்சவை எண்டு ஏன் தேடுறியள்? இப்ப என்ன நினைக்கினம் எண்டு கேளுங்கோ.”

ஜேர்மனியில் வளர்ந்தவர்களுடன் இதுதான் தொல்லை. சுற்றி வளைக்கத் தெரியாது.

“மாத்தேல்லை எண்டா?”

“மழலை வகுப்பையும் விடுறன், அக்கா. நீ எங்கட ஆள் இல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிற இடத்தில நிண்டு, அந்தப் பிள்ளையளுக்கு இது உங்கட மொழி எண்டு நான் எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?”

அவர் போன பிறகு வெட்டிய கேக்கை நானே எடுத்து வைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சட்டத்தின் பூர்வீகம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வியாதி இது. எங்களுக்கு ஒரு வரி தவறு என்று பட்டால், அதைத் திருத்தலாம் என்ற எண்ணமே வராது. வரவும் கூடாது, அது எங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெடரல் சட்டத்தை மாற்ற இரண்டு சபைகள் வேண்டும், ஒரு ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும். மிச்சத்தில்? ஒரு மண்டபம் வேண்டும். கொஞ்சக் கைகள் வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லையே!

“மீன் கறி வைக்கிற சட்டியைத் திருப்பித் திருப்பி ஆராய்ச்சி செய்தா மீன் வேகுமே?” என்றார் கணவர். அன்றைக்கு அவரும் ஒரு நல்ல வசனம் பேசினார், பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞானம் மாஸ்டருக்குப் போன் போட்டேன். தட்சாயினி சொன்னதை அப்படியே சொன்னேன்.  “நான் கூட்டத்துக்கு வாறன், பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

பொதுக்கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். வழக்கமாகப் பாதிக் கதிரை காலியாக இருக்கும். அன்று பின்னால் ஆட்கள் நின்றார்கள். சண்டை வரும் என்று செய்தி பரவினால் எங்கள் கூட்டங்களுக்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. தவராசா அண்ணை மேடையில், தலைவர் கதிரையில் இருந்தார். செயலாளர் வராததால் குறிப்பு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

மாஸ்டர் எழும்பினார். “இந்த விதியை எழுதினது நான். ஒருத்தருக்கு நேர சொல்ல வேண்டியதை ஒளிச்சு எழுதினன். பிழை. அதை எடுக்கச் சொல்லி நானே பிரேரிக்கிறன்.” சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பாராட்டுவதா, பதறுவதா என்று தெரியாமல் கூட்டம் முழித்தது.

ஒருவர் ‘பாரம்பரியம்’ என்றார். ஒருவர் ‘அத்திவாரம்’ என்றார். இன்னொருவர் எந்தப் பக்கம் என்று கடைசி வரை காட்டிக்கொள்ளாமல் நீண்ட நேரம் பேசினார். எந்த நாட்டுச் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு கைகள் வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். தவராசா அண்ணையின் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்கக் காத்திருந்தார்கள், பாதிப் பேர்.

அவர் தட்சாயினியைக் கூப்பிட்டார்.

“ஒண்டு மட்டும் கேக்கிறன். பிள்ளையளோட இங்கிலீஷில கதைப்பீங்களோ?”

 இல்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சொல்லிவிடு, பிள்ளை... என்று எனக்குள் கத்தினேன்.

“முதல் மாதம் கதைப்பன்” என்றார் தட்சாயினி. “புதுசா வந்து அழுற பிள்ளைக்கு விளங்கிற மொழியிலதான் கண்ணைத் துடைக்க வேணும், அண்ணை. பிறகு கதைக்க மாட்டன். அதுகளும் என்னோட இங்கிலீஷில கதைக்காதுகள்.”

தவராசா அண்ணை குனிந்துகொண்டார். மூன்று பிள்ளைகளையும் நினைத்திருப்பாரா? தெரியாது. பிறகு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, தலைவருக்கு வோட் இல்லை. ஒரு ரெண்டு நிமிசம் இந்தக் கதிரையில இருங்கோ.”

நான் ஏறி இருந்தேன். அவர் மேடையை விட்டு இறங்கி, முன் வரிசையில் போய் இருந்து, கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. எண்ணினோம், விதி என்று ஒன்று இருக்கிறதே! தட்சாயினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். நானும் அழுதேன். குறிப்பு எழுதுகிறவர் அழக்கூடாது என்று யாப்பில் இல்லை.

கூட்டம் கலையப்போகும் நேரம் தவராசா அண்ணை திரும்பவும் மேடைக்கு வந்தார்.

“தங்கச்சி, என்னத்துக்கு மாத்தினது எண்ட காரணத்தையும் எழுதிவிடுங்கோ. பிறகு உங்களைப் போல ஆரும் வந்து தோண்டுவினம்.”

“என்ன காரணம் எண்டு எழுத, அண்ணை?”

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் கதைத்தது. காலமாற்றம் என்று எழுதச் சொன்னார் ஒருவர். அடுத்த தலைமுறை என்று இன்னொருவர். பழைய பிழையைத் திருத்த என்றார் மாஸ்டர். கை தூக்காத ஒருவர்கூட ஒரு காரணம் சொன்னார். இப்படித்தான் ஐயா, உலகம் முழுக்கச் சட்டங்களின் வரலாறு குழம்பிப்போகிறது!

தவராசா அண்ணை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அவ நல்ல ரீச்சர். அதை எழுதுங்கோ, காணும்.”

எழுதினேன். இத்தனை வருஷத்தில் நான் வாசித்த கொமிட்டி அறிக்கைகளில் மிகச் சின்னது அதுதான் — எந்த லோயர் வந்தாலும் அதற்கு இரண்டாவது அர்த்தம் எடுக்க ஏலாது!